கரண்டு போனப்பறம் ஆரு பேசுவா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி மின்னுது? பொண்ணு அமைஞ்சிருச்சா? அது இல்லையா? ஊட்டுக்கு ஸ்மார்ட் மீட்டரு வரப்போவுதா! அட சாமி, எங்க காலத்துல நோம்பிக்குப் புதுத்துணி எடுத்தாத்தான் இப்படிப் பல்லைக் காட்டுவோம்.

"மீட்டரு தானாப் பேசும் அப்பாரு"ங்கிற. பேசட்டும், பேசட்டும். நம்ம ஊட்டுல வாயிக்குப் பஞ்சமா என்ன? அதுவும் ஒண்ணு சேந்துக்கட்டும். ஆனா எந்த அலைவரிசையில பேசும், சொல்லு பாப்போம். பாத்தியா, முழிக்கிற. வழவழன்னு காயிதம் ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்களே, அதுல ஒரு அழகான புள்ளை மீட்டரைப் பாத்துச் சிரிக்கற மாதிரியெல்லாம் படம் போட்டிருக்குது. இதை மட்டும் போடலையாக்கும்?

"அது டெக்னாலஜி, உங்களுக்குப் புரியாது"ன்னு வாயெடுக்காத. கரண்டு எங்களுக்குப் புதுசில்ல. 1932-லயே பைக்காரா பவர்ஹவுசு ஓட ஆரம்பிச்சாச்சு. அந்தக் கரண்டு மலையெறங்கி வந்துதான் கோயமுத்தூரு மில்லெல்லாம் ஓடுச்சு, தோட்டத்துக் கெணத்துல தண்ணி ஏறுச்சு. மலைக்கு மேல மிசினு, மலைக்குக் கீழ மில்லு. கீழ எத்தச்சோடு வேணும், மேல எத்தச்சோடு வரும்னு ரெண்டு பக்கமும் பேசிக்காம வேலை நடக்குமா? கரண்டு வேவாரத்துல பேச்சு நின்னா மூச்சு நின்ன கணக்கு. நீ என்னமோ உன்ற மீட்டருதான் மொதமொதல்ல வாயைத் தொறக்கப் போவுதுன்னு நெனைச்சுட்டு இருக்கற.

உன்ற பெரியப்பன் சப்ஸ்டேசன்ல ஆபரேட்டரா இருந்தவன். அவனுக்குச் சோத்துப் போசி கொண்டுபோய்க் குடுத்துக் குடுத்தே நான் பாதி எஞ்சினீயர் ஆயிப்போட்டேன். நீயும் தெனம் அந்தப் பக்கம் பைக்குல போறயே, உள்ள என்ன இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கறயா? அடுத்த தடவ சித்தெ நிறுத்திப் பாரு. பெரிய லைன் வந்து எறங்கற எடத்துல, அலுமினியத்தைச் சுருட்டி செஞ்ச உருளை ஒண்ணு அந்தரத்துல தொங்கும். மூணு கம்பியிலயும் இருக்காது. ஒண்ணு ரெண்டுலதான் இருக்கும். ஏன் இதுல மட்டும் இருக்குது, அதுல இல்லைன்னு ஒரு கேள்வி வரோணும். உனக்கு எங்க வரும்? உன்ற கண்ணு போன்லயே கெடக்குது.

அதுக்குப் பேரு வேவ் ட்ராப்பு. நம்ம நாட்டுக் கரண்டு நொடிக்கு 50 தடவ ஆடுது. 50 ஹெர்ட்ஸ்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. அதே கம்பியில, சுமாரா 40 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 500 கிலோஹெர்ட்ஸுக்குள்ள ஒரு ரேடியோ அலையை ஏத்தி விடுவாங்க. பேச்சு அதுல சவாரி பண்ணிட்டு வரும். கரண்டு அந்த உருளைக்குள்ள நொழைஞ்சு நேரா டிரான்ஸ்பார்மருக்குப் போயிரும். அந்த அலையோட பாச்சா அங்க பலிக்காது. அது பக்கத்துல நிக்கற கப்பாசிட்டரு வழியா எறங்கி, கண்ட்ரோல் ரூம்பு டெலிபோனுக்குப் போவும். கரண்டும் அந்தக் கம்பியிலதான், பழமையும் அந்தக் கம்பியிலதான். தனிக்கம்பம் நட்டு, தனி வயரு இழுத்து, அதை எவனாச்சும் ராவோட ராவா வெட்டிட்டுப் போயிப் பழைய இரும்புக்கடையில போடறதுக்கு வழியே இல்ல. பி.எல்.சி.சி.ன்னு சொல்லுவாங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்து ஓசனை. இன்னைக்கு ஒருத்தன் இதைக் கண்டுபிடிச்சிருந்தா, கோட்டு மாட்டிட்டு மேடையேறி ஒரு மணி நேரம் கைதட்டு வாங்கியிருப்பான்.

பேச்சு தெளிவா இருக்குமான்னு கேக்கறயா? மழை பெஞ்சா கொறகொறங்கும். ஈரத்துல பெரிய கம்பியைச் சுத்திக் காத்து பொறியறதுதான் அந்தச் சத்தம். ஒரு பேச்சுக்கு ஒதுக்கற அகலமே 4 கிலோஹெர்ட்ஸுதான். அதுலயும் மேல்பக்கம் கொஞ்சத்தைப் பிரிச்சு வெச்சுக்குவாங்க. அது ஆளு பேசறதுக்கில்ல. கோளாறைப் பாத்து லைனை வெட்டச் சொல்ற ரிலே பேசறதுக்கு.

இதைக் கேளு. ரெண்டு சப்ஸ்டேசனுக்கு நடுவுல லைன் மேல மரம் உழுந்துருச்சு. ரெண்டு மொனையிலயும் பிரேக்கரு தொறந்தாத்தான் அந்த லைன் சாவும். ஒவ்வொரு மொனையில இருக்கற ரிலேவுக்கும் லைனுல நூத்துக்கு எம்பது பங்கு வரைக்குந்தான் யோசிக்காம வெட்டற தைரியம். எதிர்மொனைக்குப் பக்கத்துல கோளாறுன்னா, 'இது நம்ம லைனா, அடுத்தவன் லைனா'ன்னு கால் நொடி, அரை நொடி தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள்ள எத்தனை லட்சத்துப் பொருளு வெந்து போவும் தெரியுமா? அதனால கோளாறுக்குக் கிட்ட இருக்கற ரிலே, 'நம்ம லைன்தான், வெட்டிப்போடு'ன்னு அந்த அலையிலயே ஒரு குரல் குடுக்கும். நீ கண்ணைச் சிமிட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கமும் வெட்டியாச்சு. ப்ளூ டிக்கு இல்ல, டைப்பிங்குன்னு காட்டறதில்ல, குட்மார்னிங் படம் இல்ல. சேதி மட்டும் போய்ச் சேந்துரும்.

அப்ப எந்த அலையை வேணும்னாலும் ஏத்திக்கலாமா? அதெப்படி? பக்கத்து லைனுக்கும் அதே அலைவரிசையைக் குடுத்தா, இவன் பேசறது அவனுக்குக் கேக்கும், இந்த லைனுக்குச் சொன்னதைக் கேட்டு அந்த லைன் வெட்டிக்கும். அதனால எந்த லைனுக்கு எதுன்னு திட்டம் போட்டுத்தான் பிரிப்பாங்க. இன்னொண்ணும் இருக்குது. கம்பியிலதானே போவுது, ஆருக்கு என்ன தொந்தரவுன்னு நெனைக்காத. அத்தன மைலு கம்பி நீட்டிக் கெடந்தா அதுவே ஒரு ஏரியலு. அதே வட்டாரத்துலதான் விமானத்துக்குத் தெசை காட்டற ரேடியோவும் பேசும். 500 கிலோஹெர்ட்ஸ்ல ரொம்ப வருசமா கப்பல்காரங்க ஆபத்துன்னா மோர்சு தட்டிட்டு இருந்தாங்க. நம்ம மின்வாரியத்துக்காரன் பாட்டுக்கு அன்னைக்கு அங்க போய் உக்காந்திருந்தா, முழுவற கப்பல்காரனுக்கு 'பீடர் ட்ரிப்பு'ன்னு சேதி போயிருக்காதா? இதையெல்லாம் கட்டி மேய்க்கத்தான் டெல்லியில 1952-ல இருந்தே டபிள்யூ.பி.சி.ன்னு ஒரு ஆபீசு இருக்குது. ஆகாசம் ஓசின்னு நெனைச்சியா?

இப்பப் பெரிய லைனுல மேல ஓடற எர்த் கம்பிக்குள்ளயே கண்ணாடி நாரை வெச்சு, அதுலயும் சேதி அனுப்பறாங்க. நல்லதுதான். அதை நான் கொறை சொல்லல. நாயம் உன்ற மீட்டரைப் பத்தி.

மீட்டரு ரெண்டு விதமாப் பேசும். ஒண்ணு, வவுத்துக்குள்ள சிம்மு போட்டிருக்கும். நீ பேசற அதே டவரோட அதுவும் பேசும். நம்ம தோட்டத்துல மோட்டாரு போடறதுக்கு மொபைல் ஸ்டார்ட்டரு மாட்டியிருக்கறோமே, அந்தச் சாதி. இன்னொண்ணு, மீட்டருக்கு மீட்டரு பேசிக்கறது. நம்ம ஊட்டுக் கணக்கை அடுத்த ஊட்டு மீட்டரு வாங்கி, அதுக்கடுத்த ஊட்டுக்குக் குடுத்து, கடைசியில கம்பத்து மேல இருக்கற பொட்டிக்குப் போய்ச் சேரும். பாரு கூத்தை. உன்ற பங்காளியோட பொழிக்கல்லுக்குச் சண்டை போட்டு, கல்யாணம் காச்சிக்குக்கூட மூஞ்சி பாக்கறதில்ல. மீட்டரு ரெண்டும் ராத்திரி முச்சூடும் பேசிக்கும்.

இப்படி மீட்டருக்கு மீட்டரு பேசிக்கறது 865 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸுக்குள்ள. 867 வரைக்கும் 2005-லயே லைசென்சு வேண்டாம்னு தொறந்து விட்டாங்க. 2021-ல 868 வரைக்கும் நீட்டுனாங்க. 'லைசென்சே வேண்டாம், ப்ரீ'ன்னதும் உனக்கு வாயெல்லாம் பல்லு. ப்ரீன்னா என்னன்னு தெரியுமா கண்ணு? அது ஊருப் பொறம்போக்கு. ஆரு வேணும்னாலும் ஆட்டை ஓட்டிட்டுப் போகலாம். பட்டா கேக்க முடியாது. 'அவன் ஆடு புல்லை முச்சூடும் தின்னுருச்சு'ன்னு பிராது குடுக்கவும் முடியாது. சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்குது. நீ அடுத்தவனுக்கு எடஞ்சல் பண்ணக்கூடாது, அடுத்தவன் பண்ணுனா நீ பொறுத்துக்கோணும். அங்க மேயறது உன்ற மீட்டரு மட்டுமா? டோல்கேட்டுல கார் கண்ணாடியில ஒட்டியிருக்கறயே ஃபாஸ்டேக்கு, அதுவும் அங்கதான். இனிமே வரப்போற கதவு மணி, குப்பைத்தொட்டி, மாட்டுக் கழுத்துப் பட்டை எல்லாமும் அங்கதான் வந்து நிக்கும். இன்னைக்குப் பச்சைப்பசேல்னு கெடக்குது, சரி. பத்து வருசம் கழிச்சுப் புல்லு இருக்குமா, பொழுதி இருக்குமா?

"அமெரிக்காவுல இருந்து இதைவிட ஒசத்தி மீட்டரு வாங்கிட்டு வரேன்"னு கெளம்பிறாத. அவுங்க ஊருப் பொதுத்தடம் 902-ல இருந்து 928 மெகாஹெர்ட்ஸு. நம்மூருல அந்த எடத்துல செல்போன் கம்பெனிக்காரன் காசு குடுத்துக் குடியிருக்கறான். அந்த மீட்டரை இங்க மாட்டுனா, அடுத்தவன் ஊட்டுத் திண்ணையில பாயை விரிச்சுப் படுத்த நாயம்தான்.

அதென்ன 865, பெரிய நம்பராப் போட்டா இன்னும் வேகமாப் போகாதான்னு கேப்ப. கேளு, அதுவும் கேளு. பெரிய நம்பருன்னா பெரிய ஆளுன்னு எந்த வாத்தியாரு சொன்னாரு? நம்பரு ஏற ஏற அலை குட்டையாவும். கம்பியில ஓடற 50 ஹெர்ட்ஸு அலை ஒண்ணோட நீளம் 6,000 கிலோமீட்டரு. கன்னியாகுமரியில இருந்து காஷ்மீருக்குப் போய்க் கிட்டத்தட்டத் திரும்பி வந்தர்ற தூரம். 865 மெகாஹெர்ட்ஸு அலை என்ற கையில ஒண்ணரைச் சாண். உன்ற வைஃபை பேசற 2.4 கிகாஹெர்ட்ஸு அலை அரைச் சாண் நீட்டத்துல நிக்கும். குட்டை அலை நெறையச் சொமக்கும், ஆனா செவுத்துலயும் எலையிலயும் மோதிச் சோந்து போவும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள இருக்கற சாளையில வைஃபை வெச்சுப் பாரேன். பத்து மரம் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும். யூனிட்டு கணக்கு எத்தச்சோடு பெருசு? நாலு நம்பரு. அதைச் சொல்றதுக்கு வேகம் எதுக்கு? தூரமும் தெம்பும் போதும்.

இனி இன்னொரு கூட்டம் இருக்குது. "மீட்டருல இருந்து கதிர்வீச்சு வருது, மூளை உருகிரும்"னு. போன வாரம் ஒருத்தன் இங்க வந்து ஒரு மணி நேரம் பேசுனான். போன் எங்க வெச்சிருந்தான் தெரியுமா? சட்டைப் பையில, நெஞ்சோட ஒட்டி. ரவைக்குத் தலகாணிக்கு அடியில வெச்சுத்தான் தூங்குவானாம். அந்தப் பொறம்போக்கு அலைவரிசையில கருவி வெளிய விடற சக்திக்கு வரம்பே ஒரு வாட்டுதான். அதுலயும் மீட்டரு அப்பப்ப ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டுச் சும்மா இருந்துரும். இவன் வாய் சும்மா இருக்குதா? பெருமைக்காரனும் பயந்தாங்கொள்ளியும் ஒண்ணுதான் கண்ணு. ரெண்டு பேரும் கணக்குப் பாக்கறதில்ல.

வெள்ளைக்காரன் ஊருச் சங்கதி ஒண்ணு சொல்றேன், சிரிப்பா இருக்கும். அங்க குளிருக்கு ரவையில ஹீட்டரு போடுவாங்க. ராத்திரியில கரண்டு வெலை கம்மி. எந்த நேரத்துல கம்மி ரேட்டுக்கு மாறோணும்னு ஊட்டு மீட்டருக்கு ஆரு சொல்றது? பி.பி.சி. ரேடியோ சொல்லுச்சு! 198 கிலோஹெர்ட்ஸு, லாங் வேவு. ட்ராய்ட்விச்சுங்கற ஊருல 500 கிலோவாட்டு ஒலிபரப்பு. மனுசன் காதுல உழுந்தது கிரிக்கெட்டு வருணனையும் கடல் வானிலையும். அதுக்கு அடியில, காதுக்குத் தெரியாத ஒரு சின்ன அசைவை வெச்சு, லட்சக்கணக்கான ஊட்டு மீட்டருக்கு 'இப்ப மாறு, இப்ப மாறு'ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1980-கள்ல ஆரம்பிச்சது. சிம்மு இல்ல, ரீசார்ஜ் இல்ல, டவரு இல்ல. ஒரு வாயி, நாடு முச்சூடும் காது. கடைசியில அந்தப் பழைய ஒலிபரப்பு மிசினுக்கு வால்வு கெடைக்கறதே குதிரைக்கொம்பாப் போச்சு. 2025 ஜூன் 30-ல இருந்து கட்டங்கட்டமா அணைக்க முடிவு பண்ணுனாங்க. பழசு ஒசத்தின்னு நான் சொல்ல வரல. அந்த மிசினுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. ஆனா ஒருத்தன் வேலையைப் புரிஞ்சுட்டு அலைவரிசையைப் புடிச்சா, நாப்பது வருசம் சத்தமில்லாம ஓடும்னு பாத்துக்க.

இப்ப விசயத்துக்கு வரேன். கரண்டுக்காரனுக்குப் பேச்சு எப்ப வேணும்? எல்லாம் நல்லா எரியறப்பவா? கரண்டு போனப்பறம்தானே?

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு. டெல்டாப் பக்கம் லட்சத்துக்கு மேல கம்பம் சாஞ்சுருச்சு. கம்பம் சாஞ்சா கரண்டு இல்ல. கரண்டு இல்லைன்னா செல்போன் டவரு பேட்டரியில கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கும், அப்பறம் அதுவும் படுத்துரும். டவரு படுத்தா, கரண்டைச் சரி பண்ற ஆளுக எப்படிப் பேசிக்குவாங்க? கரண்டு வரோணும்னா போன் வேணும், போன் வரோணும்னா கரண்டு வேணும். சிம்மு மீட்டரு, சிம்மு ஸ்டார்ட்டரு, சிம்மு கதவு எல்லாம் ஒட்டுக்கா வாயைப் பொத்திக்கும். உன்ற மீட்டருக்குள்ள ஒரு குட்டிக் கப்பாசிட்டரு இருக்குதாம், கரண்டு போற நிமிசம் 'போயிருச்சு'ன்னு ஒரு கடைசிச் சேதி சொல்லுமாம். சொல்லட்டும். அதைக் கேக்கற பொட்டிக்கும், அதுக்கு மேல இருக்கற டவருக்கும் பேட்டரி இருக்குதா? ஒருத்தனும் கேக்கறதில்ல.

இது வெறும் யூனிட்டுக் கணக்கில்ல கண்ணு. லைன்மேன் கம்பம் ஏறறதுக்கு முந்தி எல்.சி., அதான் லைன் கிளியரு, வாங்குவான் பாத்திருக்கறயா? இந்தப் பீடரை நிறுத்தியாச்சுன்னு சப்ஸ்டேசன்ல இருந்து சொல்லோணும். கேட்டவன் அதையே திருப்பிச் சொல்லோணும். ரெண்டு பக்கமும் நோட்டுல ஏறோணும். அப்பறந்தான் கயித்தைக் கட்டுவான். அந்த ஒரு பேச்சு பாதியில அறுந்து, இவன் ஒண்ணு நெனைச்சு அவன் ஒண்ணு நெனைச்சா? ஒரு பொம்பளை தாலி அறுக்கோணும். வேலை முடிஞ்சு எல்லாரும் எறங்கியாச்சுன்னு இவன் சொல்லாம அவன் சுவிட்சைத் தொடக்கூடாது. கம்பத்து மேல நிக்கறவன் உசுரு தொங்கறது கயித்துல இல்ல, அந்த வார்த்தையில. அதுக்குத்தான் தனக்குன்னு ஒரு அலைவரிசை, தனக்குன்னு ஒரு வி.எச்.எப். செட்டு, தனக்குன்னு ஒரு பேட்டரி வேணுங்கறது. ஊரே கிரிக்கெட்டு பாத்துட்டு இருக்கற நெட்டுவொர்க்குல, இவனும் வரிசையில நின்னு 'உங்கள் அழைப்பு முக்கியமானது'ன்னு கேட்டுட்டு இருக்கவா?

செர்மனிக்காரன் இதை ஓசிச்சுப்போட்டான். 450 மெகாஹெர்ட்ஸு அலைவரிசை அங்க காலியாச்சு. 2021-ல அதைக் கரண்டு, தண்ணி மாதிரி இல்லாம முடியாத வேலைகளுக்குன்னே ஒதுக்கிப்போட்டாங்க. கரண்டு போயும் மூணு நாளு, 72 மணி நேரம், தாக்குப் புடிக்கற மாதிரி டவரு கட்டறாங்க. அந்த அலைக்கு நீளமும் எச்சு, நிலவறையில இருக்கற மீட்டருக்குக்கூட எட்டும். அதுல ஒரு மினுக்கலும் இல்ல. விளம்பரத்துல போட்டா ஒருத்தனும் பாக்கமாட்டான். மூணு நாளு இருட்டுக்குப் பேட்டரி வெக்கறதுல என்ன கவர்ச்சி இருக்குது, சொல்லு?

உன்ற ஆசையைக் கெடுக்கறேன்னு நெனைக்காத. மீட்டரு வரட்டும். ரெண்டு மாசத்துக்கொருக்கா அட்டையை எடுத்துட்டு அசெசரு எப்ப வருவாருன்னு காத்துக் கெடந்த கதை தீரட்டும். எங்க கரண்டு திருடு போவுது, எந்த டிரான்ஸ்பார்மருக்குப் பாரம் எச்சுன்னு ஆபீசுல உக்காந்தே தெரியட்டும். இது முச்சூடும் நல்லதுதான். ஆனா 'ஸ்மார்ட்டு'ன்னு ஒரு வார்த்தையைக் கேட்டதும் கன்னுக்குட்டி கணக்காத் துள்ளாத. மாட்ட வர்ற ஆளுகிட்ட மொதல்ல கேளு: இது சிம்முல பேசுதா, பொறம்போக்குல பேசுதா? நம்ம தெருவுல சிக்கினல் எட்டுமான்னு சோதிச்சாச்சா? கம்பத்துப் பொட்டிக்குப் பேட்டரி எத்தன மணி நேரம்? எட்டலைன்னா கணக்கு எப்படிப் போடுவீங்க, பழைய சராசரியா, அசெசரா? அந்த ஆளு முழிச்சா வெய்யாத. அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கமாட்டாங்க. ஒரு காயிதத்துல நாலையும் எழுதி, ஈ.பி. ஆபீசுல ஏ.ஈ.கிட்ட குடுத்து, சீல் வாங்கிட்டு வந்துரு. போன்ல படம் புடிச்சு அனுப்பிப்போட்டேன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாத.

அப்பறம், வரப்ப கடையில டார்ச்சுக்கு ரெண்டு செல்லு வாங்கிட்டு வா. ஐப்பசி பொறந்தாச்சு.